அப்பா ஓட்டின கார் ஏலத்துக்கு வந்தா? ஒரு பழைய ஹெரால்டும் அதோட உண்மையான விலையும்

போன வீடியோவில் பழைய கார் வாங்குறதைப் பத்தி பேசினப்போ ஒரு கதையைப் பாதியில விட்டேன். "முழுசா சொல்லுங்க"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. சம்பந்தப்பட்ட நண்பர்கிட்ட அனுமதி வாங்கிட்டு, கணக்கோட இங்கே எழுதுறேன்.

நண்பருக்கு வயது 29. வீடு சிதம்பரம், வேலை கடலூர்ல. கையில வர்ற சம்பளம் 36,000 ரூபாய். 2024 ஆகஸ்ட்ல ஒரு நாள் ராத்திரி எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். ஓட்டு வீட்டுத் திண்ணை ஓரமா, தார்ப்பாய் பாதி விலகின நிலையில ஒரு பழைய கார். கீழே ஒரு வரி: "ப்ரோ, ஏலத்துக்கு வருது. ஆரம்ப விலை 1,20,000. இது முதலீடுதானே?"

கார், 1960-களின் கடைசியில வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சிதம்பரத்துல ஒரு பெரிய வீட்டுக்காரங்க காலமானதும், வாரிசுகள் சாமான்களை எல்லாம் ஏலம் விட்டாங்க. அதுல இந்தக் காரும் ஒண்ணு.

அவர் போட்டோவோட சொல்லாத விஷயத்தை மறுநாள் போன்ல சொன்னார். அந்தக் காரை 11 வருஷம் ஓட்டினது அவரோட அப்பா. அந்த வீட்டு டிரைவர். "அப்பா ஒரு நாள்கூட அந்தக் கார்ல பின் சீட்டுல உட்கார்ந்தது இல்ல ப்ரோ. நான் ஓட்டணும், அவர் பின்னாடி உட்காரணும்."

இதுக்கு எக்செல் ஷீட்டை வச்சு என்ன பதில் சொல்றது? ஆனாலும் போட்டுத்தான் பார்த்தோம். எப்படின்னு பாருங்க.

முதல்ல, இது என்ன கார்?

நம்ம ஊர்ல அந்தக் காலத்துல கார்னா மூணுதான்: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. முதல் ரெண்டும் கொல்கத்தா, மும்பை பக்கம். மூணாவது நம்ம சென்னை. வண்டலூர் பக்கத்துல இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில 1961-லிருந்து ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதோட மூலம். வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி.

இதே ஹெரால்டோட சேஸிஸைக் குட்டையாக்கி, அது மேல அதே மிக்கெலொட்டி போட்ட ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1962-லிருந்து 1980 வரைக்கும் வந்தது. இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஏலங்கள்ல இன்னைக்கும் அடிக்கடி பார்க்கிற பெயர். ரெண்டுக்கும் முன்பக்கம் பானெட் முழுசும், சக்கரத்து மேல இருக்கிற தகரத்தோட சேர்ந்து, முன்னால சாய்ஞ்சு திறக்கும். அதனாலதான் ஹெரால்டு வச்சிருக்கிறவங்க "நம்ம வண்டி ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன்"னு பெருமையா சொல்லுவாங்க. பெருமையில தப்பில்லை. ஆனா அந்தப் பெருமைக்கு என்ன விலைங்கிறதுதான் நம்ம கேள்வி.

ரீல்ஸ்ல வர்ற விலையும் மீதிக் கதையும்

நண்பர் எனக்கு அனுப்பின ஆதாரம் ரெண்டு. 2016-ல் அமெரிக்காவின் மான்டரே ஏலத்தில் ஒரு ஜாகுவார் டி-டைப் 2 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் போனது. அடுத்த வருஷம் அதே ஊரில் ஒரு ஆஸ்டன் மார்ட்டின் டிபிஆர்1 அதையும் தாண்டி, 2 கோடியே 25 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. ரெண்டும் உண்மை.

ஆனா அந்த ஜாகுவார், 1956-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயிச்ச கார். டிபிஆர்1 மொத்தமே 5 கார்தான் செஞ்சாங்க. ஸ்பிட்ஃபயரோ 3 லட்சத்துக்கும் மேல. "பிரிட்டிஷ் கிளாசிக்" என்ற ஒரே பெயருக்குள்ள இவ்வளவு தூரம் இருக்கு. தங்கமும் பித்தளையும் மஞ்சள்தான், அடகுக் கடைக்காரர் ரெண்டுக்கும் ஒரே விலை போடுவாரா?

இன்னொரு கணக்கு. ஜாகுவார் இ-டைப் 1961-ல் வந்தப்போ விலை கிட்டத்தட்ட 2,100 பவுண்ட். ஒரு பேச்சுக்கு, அதே கார் இன்னைக்கு 1 லட்சம் பவுண்டுக்குப் போகுதுன்னு வச்சுக்குவோம். 48 மடங்கு! தலை சுத்துதா? 60 வருஷத்துக்குப் பிரிச்சுப் பாருங்க. கூட்டு வட்டியில வருஷத்துக்கு 6.7% கிட்டதான் வருது. நம்ம போஸ்ட் ஆபீஸ் பி.பி.எஃப் 2020 ஏப்ரலிலிருந்து 7.1% கொடுக்குது. பி.பி.எஃப்-க்கு ஷெட் வேண்டாம், துரு பிடிக்காது, இன்சூரன்ஸ் கட்ட வேண்டாம். எத்தனை மடங்குன்னு யாராவது சொன்னா, எத்தனை வருஷத்துலன்னு உடனே கேளுங்க.

ஏல விலை என்பது முதல் செலவு மட்டும்தான்

ஏலத்துல 1,80,000 வரைக்கும் போகலாம்னு நண்பர் நினைச்சிருந்தார். அதுக்கு மேல என்னென்ன வரும்னு ஒரு பேப்பர்ல எழுதினோம்.

ஏல விலை: 1,80,000
ஏலக்காரர் கமிஷன் 10%: 18,000
கமிஷனுக்கு ஜி.எஸ்.டி 18%: 3,240
லாரியில ஏத்தி கடலூருக்குக் கொண்டு வர: 8,000
பதிவுச் செலவு: 20,000
பிரேக், வயரிங், டயர், துரு வேலை (தெரிஞ்ச மெக்கானிக் சொன்ன மதிப்பு): 1,60,000

மொத்தம் 3,89,240 ரூபாய். 1,80,000-ன்னு மனசுல இருந்த கார், ரோட்டுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு.

பதிவுக்கு ஏன் 20,000? 2021-ல் மத்திய அரசு பழைய வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டின, பெரிசா மாத்தாத வண்டியை "விண்டேஜ்"னு பதிவு பண்ணலாம். நம்பர் பிளேட்ல வி.ஏ-ன்னு எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000, பத்து வருஷம் கழிச்சுப் புதுப்பிக்க 5,000.

இதுல ஒரு பெரிய நிபந்தனை இருக்கு. இந்தப் பதிவு உள்ள வண்டியை தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இப்படிச் சில காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். அதாவது, சிதம்பரத்திலிருந்து புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியா ஆபீஸுக்கு ஹெரால்டுல போகலாம்னு நண்பர் கண்ட கனவு அங்கேயே முடிஞ்சது.

சாதாரணப் பதிவுலயே வச்சுக்கிட்டா? 15 வருஷம் தாண்டின காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை தகுதிச் சான்றோட புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின கார்களுக்கான கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. இந்தக் காரோட ஆர்.சி ஏற்கெனவே காலாவதி ஆகி வருஷக்கணக்கு ஆகுது.

அடுத்து வருஷாந்திரச் செலவு. ஒரு நல்ல செய்தி: 1000 சி.சி-க்குக் கீழ உள்ள காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2,094 ரூபாய், விண்டேஜ் பதிவு இருந்தா அதுல பாதிதான். ஹெரால்டு 948 சி.சி. ஜி.எஸ்.டி சேர்த்து 1,235. ஆனா ஷெட் வாடகை மாசம் 1,500, வருஷத்துக்கு 18,000. பராமரிப்புக்கு 15,000. மொத்தம் வருஷம் 34,235. அஞ்சு வருஷத்துக்கு 1,71,000-க்கு மேல.

மீன்காரம்மா கணக்கு

கடலூர் முதுநகர் துறைமுகத்துல விடியக்காலை மீன் ஏலம் பார்த்திருக்கீங்களா? பார்க்காதவங்க ஒரு தடவை போய் நில்லுங்க. ஏலம் கேட்கிறவர் சத்தம் போட்டு விலையை ஏத்திக்கிட்டே போவார். கூடையோட நிக்கிற அம்மா ஒரு இடத்துல டக்குனு வாயை மூடிடுவாங்க. மீன் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் சரி.

ஏன்னா அவங்க கணக்கு பின்னாடியிலிருந்து வருது. உதாரணத்துக்கு, இந்தக் கூடை திருப்பாதிரிப்புலியூர்ல 3,000-க்குப் போகும். ஐஸ் 200, ஆட்டோ 150, விக்காம போறது 300, என் கூலி 500. அப்ப நான் கேட்கக்கூடிய அதிகபட்சம் 1,850. 1,900-ன்னு யாராவது சொன்னா, எடுத்துக்கட்டும்.

நம்ம ஆளுங்க கணக்கு முன்னாடி போகுது. 1,80,000 வரைக்கும் வந்தாச்சு, இன்னும் 5,000 தானே, இன்னும் 5,000 தானே. ஏலச்சீட்டுல நம்ம வீட்டுல பார்த்ததுதான் இது. அவசரத்துல அதிகமா தள்ளிக் கேட்டவருக்குத்தான் சீட்டு கிடைக்கும், நஷ்டமும் அவருக்குத்தான். எண்ணெய் வயல் ஏலங்களைப் பார்த்து அமெரிக்க இன்ஜினியர்கள் மூணு பேர் 1971-ல் இதையே ஒரு கட்டுரையா எழுதினாங்க. பொருளோட மதிப்பை எல்லாரையும் விட அதிகமா தப்புக் கணக்கு போட்டவர்தான் பெரும்பாலும் ஏலத்துல ஜெயிக்கிறார். "ஜெயிச்சவர் சாபம்"னு அதுக்குப் பேரே இருக்கு.

சரி, மீன்காரம்மா கணக்கை ஹெரால்டுக்குப் போடுவோம். எல்லா வேலையும் முடிச்சு, அஞ்சு வருஷம் கழிச்சு 4 லட்சத்துக்கு விக்கலாம்னு நண்பரே சொன்ன விலையை எடுத்துக்கிட்டோம்.

விற்கும் விலை: 4,00,000
கழிக்க, ரிப்பேர்: 1,60,000
கழிக்க, பதிவு: 20,000
கழிக்க, லாரி: 8,000
கழிக்க, அஞ்சு வருஷப் பராமரிப்பு: 1,71,000
மீதி: 41,000

இதுக்கு மேல, ரிப்பேருக்காக 2 லட்சம் பர்சனல் லோன் எடுக்க இருந்தார். 14% வட்டி, 3 வருஷம். இ.எம்.ஐ 6,835. மொத்த வட்டி 46,000 ரூபாய். 41,000-ல் 46,000 போனா?

காரை அவங்க சும்மா கொடுத்தாலும் 5,000 ரூபாய் நஷ்டம். இதைப் பார்த்துட்டு நண்பர் ரொம்ப நேரம் பேசல.

அப்ப ஆசைக்கு விலையே இல்லையா?

இருக்கு. அதைத் தனியா பேசணும். முதலீடுன்னு பேர் வச்சா தப்பு, ஆசைன்னு பேர் வச்சா தப்பில்லை. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை வாங்குறோம், அது முதலீடா? இல்ல. ஆனா வாங்குறோம், ஏன்னா அதுக்கு ஒரு வரம்பு வச்சிருக்கோம். ஆசைச் செலவுக்கு நான் சொல்ற வரம்பு மூணுதான்:

1. ஆறு மாசக் குடும்பச் செலவு தனியா இருக்கணும், அதைத் தொடக் கூடாது.
2. கடன் வாங்கக் கூடாது.
3. வாங்கினதுக்கு அப்புறம் வர்ற மாசச் செலவு, மாசம் மிச்சமாகுறதுல கால் பங்கைத் தாண்டக் கூடாது.

நண்பர்கிட்ட எஃப்.டி-ல 2,40,000 இருந்தது. வீட்டுச் செலவு மாசம் 25,000, ஆக ஆறு மாசத்துக்கு 1,50,000. மிச்சம் 90,000. ரிப்பேருக்கே அது பத்தாது. மாசம் மிச்சம் 11,000. அதுல இ.எம்.ஐ 6,835, கார் பராமரிப்பு 2,853. கையில நிக்கிறது 1,300 ரூபாய். ரெண்டு பேரும் வயசான அப்பா அம்மா, வீட்டுல சம்பாதிக்கிறவர் இவர் ஒருத்தர். ஒரே ஒரு ஆஸ்பத்திரி பில் போதும்.

வித்தா வரி வருமா?

நிறைய பேர் தப்பா நினைக்கிற இடம் இது. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற கார், வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்லை. லாபத்துக்கு வித்தாலும் அதுக்கு வரி கிடையாது. ஆனா "சொந்த உபயோகம்"னு நிரூபிக்கணும்.

மும்பையில் சம்பளக்காரர் ஒருத்தர் 1983-ல் 20,000 ரூபாய்க்கு 1931 மாடல் ஃபோர்டு கார் வாங்கினார். 1991-92 நிதியாண்டில் 21 லட்சத்துக்கு வித்தார். 105 மடங்கு! இப்படியும் நடக்கும், மறைக்க மாட்டேன். ஆனா அந்த லாபத்துக்கு வரி உண்டா இல்லையான்னு வழக்கு போய்க்கிட்டே இருந்து, 2025-ல் மும்பை உயர் நீதிமன்றம் வரி உண்டுன்னு சொல்லிடுச்சு. காரணம், காரை அவர் தன் சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்தார்னு காட்ட ஆதாரம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல ஒரு வழக்கு. முதலீடுன்னு வாங்கி, ஷெட்டுல பூட்டி வச்சா, வரித்துறையும் அதை முதலீடாத்தான் பார்க்கும்.

யாராவது ஏலத்துல வண்டி எடுக்கப் போறீங்கன்னா

பழைய கிளாசிக் மட்டும் இல்ல, பேங்க் ஜப்தி பண்ணின கார், பைக் ஏலத்துக்கும் இது பொருந்தும்.

* "உள்ளது உள்ளபடி"ன்னு நோட்டீஸ்ல இருந்தா, எடுத்த பிறகு எந்தக் குறைக்கும் யாரும் பொறுப்பில்லைன்னு அர்த்தம். பார்வையிடும் நாளைத் தவற விடாதீங்க. தெரிஞ்ச மெக்கானிக்குக்கு 1,000 ரூபாய் கொடுத்துக் கூட்டிக்கிட்டுப் போங்க.
* ஆர்.சி-ல இருக்கிற சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டும் வண்டியில இருக்கிறதோட ஒத்துப் போகுதான்னு கண்ணால பாருங்க.
* ஓனர் இறந்திருந்தா, முதல்ல வாரிசு பேருக்கு மாறணும், அதுக்குப் படிவம் 31. அப்புறம்தான் படிவம் 29, 30 மூலமா உங்க பேருக்கு. எல்லா வாரிசும் சம்மதிச்சாங்களான்னு கேளுங்க. வெளிநாட்டுல ஒரு அண்ணன் இருப்பார், கடைசியில அவர் கையெழுத்துக்காக நீங்க காத்திருப்பீங்க.
* அரசு நடத்துற பொது ஏலம்னா படிவம் 32. லோன் பாக்கி இருந்த வண்டின்னா, பேங்க்கோட படிவம் 35 இல்லாம பணம் கட்டாதீங்க.
* முன்பணம் எப்ப திரும்பி வரும், ஜெயிச்சுட்டு மீதியைக் கட்டலைன்னா என்ன ஆகும், ரெண்டையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.
* வெளிநாட்டு ஏலத்துல ஸ்பிட்ஃபயர் மலிவா இருக்கேன்னு தோணுதா? 50 வருஷம் தாண்டின வண்டிகளை இறக்குமதி பண்ண 2025-ல் விதியைத் தளர்த்தினாங்க. ஆனா சுங்க வரி எல்லாம் சேர்த்தா காரோட விலையையே தாண்டும்.
* உங்க அதிகபட்ச விலையை வீட்டுலயே ஒரு பேப்பர்ல எழுதி, பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் போங்க. ஏலத்துல உட்கார்ந்துக்கிட்டு முடிவு பண்ணாதீங்க.

கடைசியில என்ன ஆச்சு?

நண்பர் பேப்பர்ல எழுதின நம்பர் பூஜ்யம். இருந்தாலும் பார்வையிடும் நாளுக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனார். அதுக்குக் காசு கிடையாதே.

71 வயசு அப்பா, வண்டியைச் சுத்தி ஒரு தடவை நடந்தார். பானெட்டைத் தானே முன்னால சாய்ச்சுத் திறந்தார். எந்தக் கொக்கியை எப்படி எடுக்கணும்னு கை மறக்கலை. அப்புறம் குனிஞ்சு, சேஸிஸ் ஓரத்தை விரல் நகத்தால சுரண்டினார். துரு பொறுக்கு பொறுக்கா உதிர்ந்தது. "மெக்கானிக் ஒண்ணரை லட்சம்னு சொன்னானா? அவன் அடியில பாக்கலடா தம்பி. கடல் காத்து பட்ட வண்டி. இது முடியாது."

பின் சீட்டுக் கதவை மகன் திறந்து விட்டாராம். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. பழக்கதோஷம், நேரா டிரைவர் சீட்டுல போய் உட்கார்ந்துட்டார். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுப் பார்த்தார். "கீழச் சன்னதியில ஒரே ஒடியில திருப்புவேன். அம்பாசிடர்காரன் மூணு தடவை ரிவர்ஸ் எடுப்பான்." உண்மைதான், ஹெரால்டு 25 அடி இடத்துல திரும்பிடும். நண்பர் பக்கத்து சீட்டுல உட்கார்ந்தார். அரை மணி நேரம் அப்படியே இருந்தாங்களாம்.

கார் 2,10,000-க்குப் போச்சு. எடுத்தவர்கிட்ட சொந்த ஷெட் இருக்கு, ஏற்கெனவே ரெண்டு பழைய வண்டி இருக்கு. அவருக்கு அது சரியான விலையா இருக்கலாம். நல்லா இருக்கட்டும்.

அந்த டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில தென்பெண்ணை பெருகினப்போ, நண்பர் வாடகைக்குப் பார்த்து வச்சிருந்த ஷெட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. "பாத்தீங்களா, தப்பிச்சேன்"னு போட்டோ அனுப்பினார். நான் அதை ஒத்துக்கல. வெள்ளம் வராம இருந்திருந்தாலும் அந்தக் கணக்கு அதேதான். அதிர்ஷ்டத்தைத் திறமைன்னு நினைச்சா, அடுத்த ஏலத்துல மாட்டிக்குவோம்.

இப்பவும் எப்பவாவது அந்தக் காரைப் பத்திப் பேசுவார். வருத்தம் போகலை, போகவும் வேண்டாம். எஃப்.டி அப்படியே இருக்கு. வர்ற பொங்கலுக்கு ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து, இவர் ஓட்ட, அப்பாவைப் பின் சீட்டுல உட்கார வச்சு பிச்சாவரம் போகப் போறாராம். அப்பா சம்மதிச்சுட்டார், ஒரே ஒரு நிபந்தனையோட: "நீ பிரேக் போடுற விதம் சரியில்லைன்னா நான் முன்னாடி வந்துடுவேன்."

இந்தக் கணக்குத் தாளை உங்க எண்களைப் போட்டுப் பார்க்கிற மாதிரி அடுத்த வீடியோவில் காட்டுறேன். அதுவரைக்கும், ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி பாக்கெட்ல அந்தப் பேப்பர் இருக்கான்னு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்குங்க. சந்திப்போம்.